ரகம் பார்க்காத தடை

திருத்தணியில் பஸ் ஏறி ஆந்திர எல்லைக்குள் நகரியில் இறங்கினால் பாலித்தீன் பைக்குச் சட்டம் மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் எந்தத் தடிமனாக இருந்தாலும் கேரி பேக் கூடாது. மத்திய அரசின் விதியோ 120 மைக்ரானுக்குக் குறையாமல் இருந்தால் சரி என்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டால் அதைத்தான் சொல்வார். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி முருகன் மலைக்குக் காவடி எடுத்து வரும் சனத்துக்கு இந்த எல்லையெல்லாம் கணக்கில்லை. நகரி, புத்தூர், சித்தூரிலிருந்து வருகிறவர்கள் அடிவாரத்தில் தேங்காய் பழம் வாங்கிக்கொண்டு "கவர் உந்தா?" என்பார்கள். இல்லை என்று தலையாட்டினால், கூடையிலிருந்து தாங்களே ஒன்றை உருவிக்கொள்வார்கள்.

அடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பூஜைச் சாமான் கடை. அண்ணன் பார்த்ததை இப்போது நான் பார்க்கிறேன். அதற்கு முன்னால் என் பிழைப்பு அம்பத்தூர் எஸ்டேட்டில், பாலித்தீன் ஃபிலிம் ஊதும் கம்பெனி ஒன்றில் மெஷின் ஆபரேட்டர். விடியும் முன் திருத்தணி லோக்கலில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. கவரைச் செய்து, பிறகு அதில் சாமான் போட்டுக் கொடுத்து, இன்றைக்கு அதிகாரி வந்தால் கல்லாவுக்குக் கீழே பார்க்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தடை வேண்டாம் என்று வக்காலத்து வாங்க வரவில்லை. இந்தப் பக்கம் பொருளின் பெயரைப் பார்க்கிறார்கள், அந்தப் பக்கம் தடிமனைப் பார்க்கிறார்கள். சரக்கின் ரகத்தை யாரும் பார்ப்பதில்லை. என் சண்டை அதில்தான்.

ரகம் தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம், காது போதும். கவரைக் கையில் வைத்துக் கசக்குங்கள். சத்தமில்லாமல் மெத்தென்று மடங்கி, இழுத்தால் நீண்டுகொடுத்தால் எல்.டி., அதாவது அடர்த்தி குறைந்த பாலித்தீன். பால் பாக்கெட் அந்த வகை. சலசலவென்று சத்தம் போட்டால் எச்.எம்., அதாவது அடர்த்தி கூடிய எச்.டி. குடும்பம். காய்கறிக் கடையில் காது வைத்துத் தருவார்களே, அந்தப் பை. பளிச்சென்று தெளிவாக, விறைப்பாக, மடித்தால் மடிப்பு தெரிகிற மாதிரி இருந்தால் பி.பி., அதாவது பாலிப்புரொப்பிலீன். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்கள் துணியை மடித்துப் போடும் கவரைத் தொட்டுப் பாருங்கள், தெரியும்.

இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கம்பெனியில் நாங்கள் செய்தது வடிவம் மாற்றுகிற வேலை மட்டும்தான். கிரானுல்ஸ் 25 கிலோ மூட்டையில் வரும். ஹாப்பரில் கொட்டினால் ஸ்குரூ அதை உருக்கிக்கொண்டே போய், டையின் வட்ட இடுக்கு வழியாகக் குழாயாக மேலே தள்ளும். கையுறை போட்ட ஆபரேட்டர் அந்தக் குழாயின் வாயைச் சேர்த்துப் பிடித்து, மேலே இருக்கிற ரோலரில் கொடுக்க வேண்டும். உள்ளே காற்றை விட்டால் குமிழாக எழும்பும். பபுள் ஏற்றுவது என்போம். டையிலிருந்து கொஞ்ச உயரம் வரை ஃபிலிம் தெளிவாக இருக்கும், ஒரு கோட்டுக்கு மேல் சட்டென்று மங்கும். கோட்டுக்குக் கீழே உருகிய சரக்கு, மேலே உறைந்த சரக்கு. அந்தக் கோடு ஆடாமல் நின்றால் அன்றைக்கு ஷிஃப்ட் நல்லபடி போகும். ஆனால் மூட்டை வாசலுக்கு வரும்போதே முக்கியமான வேலை வேறெங்கோ முடிந்திருக்கும். அது என்ன வேலை என்று எங்கள் மேஸ்திரிக்கும் தெரியாது. கம்பெனி எங்களில் சிலரைக் கிண்டியில் இருக்கிற சிப்பெட்டுக்குக் குறுகிய பயிற்சிக்கு அனுப்பியது. பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்காக 1968-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் அது. அங்கே கரும்பலகையில் பார்த்த பிறகுதான் நாங்கள் ஊதியது என்ன என்று புரிந்தது.

எத்திலீன் ஒரு வாயு. இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன். கார்பன்கள் இரண்டுக்கும் நடுவே இரட்டைப் பிணைப்பு. ஒன்று உறுதியானது, மற்றது இளக்கமானது. இந்த வாயுவை வளிமண்டல அழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் அமுக்கிச் சூடேற்றி, ஒரு பெராக்சைடையோ துளி ஆக்ஸிஜனையோ விடுவார்கள். பெராக்சைடு சூட்டில் இரண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் ஜோடி இல்லாத எலக்ட்ரான் ஒன்று நிற்கும். பிளஸ் டூ புத்தகத்தில் இதைத் தனி உறுப்பு என்று போட்டிருக்கிறார்கள். அது பக்கத்து எத்திலீனின் இளக்கப் பிணைப்பைத் திறந்து ஒரு கார்பனில் ஒட்டிக்கொள்ளும். இப்போது ஜோடி இல்லாத எலக்ட்ரான் அடுத்த கார்பனுக்குப் போய்விட்டது. அது அடுத்த எத்திலீனைத் திறக்கும். அது அடுத்ததை. ஒரு நொடிகூட ஆகாது, ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். வளர்கிற இரண்டு முனைகள் சந்தித்து ஜோடி சேர்ந்தாலோ, ஒன்றிடமிருந்து மற்றது ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டாலோ சங்கிலி அதோடு நிற்கும். சேர்ப்புப் பலபடியாக்கல் என்பது இதுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எதுவும் கழிவதில்லை. 28 கிலோ எத்திலீன் சங்கிலியானால் 28 கிலோ பாலித்தீன். ஒரு சுற்றில் மாறாமல் மிஞ்சும் வாயுவைத் திரும்ப உள்ளே விடுவார்கள். வெளியே வருவது சூடு மட்டும்தான், அதுவும் லேசான சூடு இல்லை. ஒரு கிலோ பாலித்தீன் உண்டாகும்போது வெளிப்படும் வெப்பம் பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். இந்தச் சூட்டை எப்படி வெளியேற்றுவது என்பதுதான் அந்தத் தொழிற்சாலைகளின் பெரிய கவலை. கழிவே இல்லாத ஒரு வேலையின் விளைபொருள் ஊர் முழுக்கக் கழிவாகக் கிடக்கிறது என்பதை யாராவது எண்ணிப் பார்த்தார்களா, தெரியாது.

இதை யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. 1933 மார்ச் மாதம் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் வின்னிங்டன் ஆய்வுக்கூடத்தில் ஃபாசெட், கிப்சன் என்ற இருவர் எத்திலீனையும் பென்சால்டிஹைடையும் சேர்த்து அமுக்கிப் பார்த்தார்கள். எதிர்பார்த்தது வரவில்லை, பாத்திரத்தில் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. மறுபடி செய்ய முயன்றபோது சரியாக வரவில்லை. 1935-இல்தான் பிடிபட்டது: வாயுவோடு கொஞ்சம் ஆக்ஸிஜன் கலந்திருந்தால்தான் வேலை தொடங்குகிறது. 1939-இல் உற்பத்தி ஆரம்பம். முதல் பெரிய உபயோகம் பையில் இல்லை, யுத்தத்தில். ரேடார் கேபிளுக்கு மேலுறை.

அந்த உயரழுத்த முறையில் வளரும் சங்கிலி நேராகப் போகாது. முனை பின்னால் வளைந்து தன் உடம்பிலிருந்தே ஹைட்ரஜனைப் பிடுங்கும், அந்த இடத்தில் ஒரு கிளை முளைக்கும். கிளை இருந்தால் சங்கிலிகள் நெருங்கி அடுக்க முடியாது. அதனால்தான் எல்.டி. மென்மையாக, சத்தமில்லாமல் இருக்கிறது. 1953-இல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர் டைட்டானியம், அலுமினியம் கலந்த வினையூக்கியைக் கண்டுபிடித்தார். குறைந்த அழுத்தமே போதும். சங்கிலி கிளை விடாமல் நேராக வளர்ந்தது. நேரான சங்கிலி நெருக்கமாக அடுக்கும், விறைக்கும், கசக்கினால் சலசலக்கும். அடுத்த வருஷமே இத்தாலியில் நாட்டா அதே வழியில் புரொப்பிலீனைச் சங்கிலியாக்கினார். இருவருக்கும் 1963-இல் சேர்த்து நோபல். காய்கறிக் கடைப் பையின் சத்தத்துக்குப் பின்னால் இருக்கிற கதை இது.

இனி கடைக்கு வருவோம்.

போன வருஷம் ஒரு விற்பனையாளர் வந்தார். "சார், இது மட்கும் கவர், கரும்பிலிருந்து செய்தது, அதிகாரி வந்தாலும் பிரச்சினை இல்லை." பச்சை இலை அச்சிட்ட பை. வாங்கிக் கசக்கினேன். சலசலவென்றது. மூலையைக் கிழித்துத் தீக்குச்சி காட்டினேன். நீலம் கலந்த சுடரில் சொட்டுச் சொட்டாக உருகி விழுந்தது, அணைத்தபோது மெழுகுவர்த்தி வாசனை. "தம்பி, இது எச்.எம்." என்றேன். கரும்பு என்று அழுத்திச் சொன்னார். பொய்யாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். உண்மையாக இருந்தாலும் ஒன்றும் ஆகப் போவதில்லை என்பதுதான் விஷயம்.

நம் பக்கத்தில் திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. சர்க்கரை ஆலை என்றால் மொலாசஸ் உண்டு. மொலாசஸைப் புளிக்க வைத்தால் ஆல்கஹால். ஆல்கஹாலிலிருந்து தண்ணீரை நீக்கினால் கிடைப்பது எத்திலீன். பெட்ரோலிய எத்திலீனுக்கும் கரும்பு எத்திலீனுக்கும் அணு வித்தியாசம்கூடக் கிடையாது. புதுசாக யாரும் கண்டுபிடித்ததும் இல்லை. இந்தியாவில் பாலித்தீன் தொடங்கியதே அப்படித்தான்: 1959-இல் வங்காளத்து ரிஷ்ராவில், ஆல்கஹாலிலிருந்து எடுத்த எத்திலீனில். நம் மேட்டூரில் 1960-களில் பி.வி.சி. செய்யத் தொடங்கியதும் ஆல்கஹால் வழியில்தான். இப்போது பிரேசிலில் பெரிய அளவில் கரும்புப் பாலித்தீன் செய்கிறார்கள். பெட்ரோலியத்துக்குப் பதில் கரும்பில் பிறந்தது என்பதில் கார்பன் கணக்கு கொஞ்சம் தேறும், மறுக்கவில்லை. ஆனால் சங்கிலி அதே சங்கிலி. நந்தியாற்றில் விழுந்தால் இரண்டும் ஒரே மாதிரி கிடக்கும்.

ஏன் கிடக்கிறது? முதுகெலும்பு முழுக்கக் கார்பன், பக்கத்தில் கார்பன், அதற்குப் பக்கத்தில் கார்பன். நுண்ணுயிரின் நொதி கடித்துப் பிடிக்க ஓர் இடுக்கு கிடையாது. தண்ணீர் பாட்டிலோ வேறு ஜாதி. அதைச் செய்கிற பெட் என்பது ஓர் அமிலத்தையும் ஒரு கிளைகாலையும் கோத்துச் செய்வது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியே போகும். போன வழியில் திரும்பி வரலாம் என்பதால், சூடும் காரமும் கொடுத்து அதைத் தண்ணீராலேயே பிரிக்க முடியும். ஜப்பானில் சகாய் என்ற ஊரின் மறுசுழற்சிக் கூடத்துக்குப் பக்கத்திலிருந்து, பெட்டைத் தின்னும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததாக 2016-இல் அறிவித்தார்கள். திருமலையில் லட்டுக்கு என்று டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய மட்கும் பையை 2021-இல் அறிமுகப்படுத்தினார்களே, அந்த மாதிரிப் பைகள் மட்குவதற்கும் காரணம் சங்கிலியில் இப்படி இடையிடையே பிரிகிற கோப்புகள் இருப்பதுதான். 'மட்கும்' என்று யாராவது சொன்னால் எதில் செய்தது என்று கேட்பது வீண். எந்தக் கோப்பு என்று கேட்க வேண்டும். பாலித்தீனில் ஏதோ ஒரு மருந்தைக் கலந்து 'ஆக்சோ' என்று விற்கிற ரகமும் உண்டு. அது வெயிலில் பொடிப்பொடியாக உடையும். கண்ணுக்குத் தெரியாமல் போனால் மட்கிவிட்டது என்று அர்த்தமா?

இதே குழப்பம் இன்னொரு பையிலும். ஜவுளிக் கடைகளில் பளிச்சென்ற சிவப்பிலும் பச்சையிலும் தருவார்களே, துணி மாதிரி இருக்கும் நான்-ஓவன் பை. மஞ்சப்பைக்குத் தம்பி என்று நினைத்துக்கொண்டு மலைக்குக் கொண்டுவருகிறார்கள். அது நூலில்லை, பாலிப்புரொப்பிலீன். இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டியது. கட்டை விரலால் தேய்த்தால் பஞ்சு பிரியும், கொளுத்தினால் உருண்டையாக உருகும். தமிழ்நாட்டின் 14 பொருள் தடைப் பட்டியலில் இதுவும் இருக்கிறது என்பது வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது. பட்டியல் போட்டவர்கள் சரியாகத்தான் போட்டார்கள். அதைப் படித்துக் காட்டத்தான் ஆள் இல்லை.

தடிமன் விதிக்கு நியாயம் இல்லாமல் இல்லை. மெல்லிய பை காற்றில் பறக்கும், எடை வராது, பொறுக்குகிறவர் குனிய மாட்டார். தடித்த பைக்கு விலை கிடைக்கும், இரண்டு மூன்று தடவை உபயோகிப்பார்கள். சரி. ஆனால் 40 மைக்ரான் பைக்குப் பதில் அதே அளவில் 120 மைக்ரான் பை என்றால் மூன்று மடங்கு சரக்கு. அதை ஒரே தடவை உபயோகித்து எறிந்தால் என்ன லாபம்? தேங்காய் மூடியும் ஈரப் பூவும் போட்ட பையை வீட்டுக்குக் கொண்டுபோய் மடித்து வைப்பவர் யார்? ஃப்ளெக்ஸ் பேனருக்கு இந்தத் தடிமன் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனரைத் தடை செய்தது. திருவிழாவுக்கு ஊர் எல்லையிலிருந்து வரிசையாகக் கட்டுகிற ஃப்ளெக்ஸ் அதைவிடத் தடிமன், ஆகவே தப்பித்துக்கொள்கிறது. ரகத்தைப் பார்த்தால் முதலில் பிடிக்க வேண்டியது அதைத்தான்.

ஏனென்றால் பி.வி.சி.யும் சேர்ப்பு முறையில் வளரும் சங்கிலிதான், எத்திலீனில் ஒரு ஹைட்ரஜன் இருந்த இடத்தில் குளோரின் உட்கார்ந்திருக்கும். எடையில் பாதிக்கு மேல் குளோரின். சூடுபட்டால் ஹைட்ரஜன் குளோரைடாக வெளியே வரும். மற்ற சரக்கோடு கலந்து உருக்கினால் மெஷினை அரித்துவிடும். எங்கள் ஷெட்டில் ரீப்ராசஸ் சரக்கோடு ஒருமுறை பி.வி.சி. துண்டு கலந்து வந்து, கண்ணெரிச்சலோடு எல்லோரும் வெளியே ஓடினோம். ஸ்குரூவைக் கழற்றிச் சுத்தம் பண்ண வேண்டியதாயிற்று. ஃப்ளெக்ஸில் அதற்குள் பாலியெஸ்டர் வலை வேறு இருக்கும். இரண்டையும் பிரிக்க முடியாது. திருவிழா முடிந்ததும் அது மாட்டுக் கொட்டகைக்கு மேலே கூரையாகும், கிழிந்த பிறகு குப்பை மேட்டில் எரியும். அந்தப் புகையைப் பற்றி யாரும் ஆய்வுக்குழு போடுவதில்லை.

அரக்கோணம் சாலைப் பக்கம் எனக்குப் பழக்கமான காயலான் கடை ஒன்று. பிளாஸ்டிக் பிரிக்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். அவருடைய கருவி ஓர் அண்டாத் தண்ணீர். துண்டு போட்டு அமுக்கி விடுவார். மிதந்தால் ஒரு சாக்கு, முங்கினால் இன்னொரு சாக்கு. எல்.டி., எச்.டி., பி.பி. மூன்றும் தண்ணீரைவிட லேசு. பெட்டும் பி.வி.சி.யும் 1.38 மடங்கு கனம், அடியில் போய் உட்காரும். வெட்டிய பாட்டிலைப் போட்டால் பாட்டில் முங்கும், மூடி மிதக்கும். மிதப்பவற்றை மறுபடி கையால் கசக்கிச் சத்தம் கேட்டுப் பிரிப்பார். நான் கம்பெனியில் கற்றதை அவர் அங்கே உட்கார்ந்தே கற்றிருக்கிறார். ஒரு நாள் எங்கள் கடை விபூதிப் பாக்கெட், குங்குமப் பாக்கெட் காலி உறைகளை ஒரு மூட்டை கொண்டுபோனேன். கையில் எடுத்து ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். "இது ஓடாதுண்ணா, எடுத்துட்டுப் போங்க."

ஓடாதுதான். அந்த உறையில் வெளியே அச்சிட்ட பி.பி. அல்லது பெட், நடுவில் சில சமயம் அலுமினியப் பூச்சு, உள்ளே ஒட்டுவதற்குப் பாலித்தீன். தனித்தனியாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. சேர்த்து ஒட்டிய பிறகு எதற்கும் இல்லை. எல்.டி. 110 டிகிரியில் உருகும், பி.பி. 165-இல். உருக்கினாலும் இரண்டும் ஒன்றாகக் கலக்காது. கிளறி விட்டாலும் குளிரும்போது பிரிந்து, அந்தப் பிரிவில் கிழியும். இத்தனைக்கும் இந்த இரண்டுமே வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். பக்தர்கள் வாங்கிய அன்றே பிரித்து, நெற்றியில் இட்டுக்கொண்டு, படியோரம் போடும் பொருளுக்கு மூன்றடுக்கு உறை எதற்கு? விபூதி ஈரம் உறிஞ்சிக் கெட்டுப்போகிற சரக்கும் இல்லை.

ஒரே ரகமாக இருந்தால் கதையே வேறு. சேர்ப்பு முறைச் சங்கிலிகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: உருக்கினால் இளகும், ஆறினால் இறுகும், மறுபடி உருக்கலாம். ஒவ்வொரு முறையும் சூட்டில் சில சங்கிலிகள் அறுந்து குட்டையாகும் என்பதால் பலம் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் ரீப்ராசஸ் கவர் கறுப்பு நிறத்தில் குப்பைப் பையாக முடிகிறது. ஆனாலும் அதற்கு ஒரு முடிவு இருக்கிறது. பிறகும் மிஞ்சுவதற்கு மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் வழி காட்டினார். சுமார் 160, 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவினால் ஜல்லிக்கு மெல்லிய பூச்சாக ஒட்டும், அதன் மேல் தார் நன்றாகப் பிடிக்கும். 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே ரோடு போட்டுக் காட்டினார். 2018-இல் பத்மஸ்ரீ. எல்லோரும் 'எந்தப் பிளாஸ்டிக்கையும் ரோட்டில் போடலாம்' என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பி.வி.சி.யைப் போடக் கூடாது என்பது அந்த முறையின் நிபந்தனை. ரோடு போடுவதற்கும் முதலில் பிரிக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது பெரிய சட்டத் திருத்தம் எதுவும் இல்லை. மலையில் இருக்கிற கடைகளுக்கும் பிரசாதத்துக்கும் நிபந்தனை போடுகிற அதிகாரம் கோயில் நிர்வாகத்திடம் இருக்கிறது. விபூதி, குங்குமம், கற்பூரம் காகித உறையில் மட்டும் என்று ஏல நிபந்தனையில் ஒரு வரி. பூவுக்கு மந்தாரை இலையும் வாழை நாரும் எங்கள் தெருவிலேயே கிடைக்கிறது. பாலுக்கும் எண்ணெய்க்கும் காகிதம் ஆகாது, 2018-இல் தடையை அறிவித்தபோதே பால், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்கு கொடுத்ததும் அதனால்தான். அங்கே ஒரே அடுக்கு எல்.டி., வேறெதுவும் ஒட்டாமல், அச்சு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பாலித்தீனில் மை தானாக ஒட்டாது, மின்பொறியால் மேற்பரப்பைக் காயப்படுத்திய பிறகுதான் ஒட்டும். ஒட்டிய மை ரீப்ராசஸில் கெடுதல். சாமி படம் போட்ட எட்டுக் கலர் கவர் யாருக்காக?

ஆடிக் கிருத்திகைக்குப் பால்குடமும் அபிஷேகமும் வருகிற நாட்களில் காலி பால் பாக்கெட் குவிகிறது. அதைத் தனியாக ஒரு தொட்டித் தண்ணீரில் அலசிப் போட்டால் காயலான் கடைக்காரர் வண்டியோடு வந்து நிற்பார். குப்பையோடு போட்டால் அன்று மாலையே புளித்து நாறும், ஒருவரும் தொடமாட்டார்கள். பாக்கெட்டின் மூலையை முழுசாக வெட்டி எறியாமல் ஒரு பக்கம் ஒட்டியபடியே விட வேண்டும். அந்தச் சின்ன முக்கோணத்தைப் பொறுக்குவதற்கு எந்த ஊரிலும் ஆள் கிடைக்காது.

நகராட்சி ஆய்வாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி போதும். பாட்டில், டப்பா அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் படிக்க: 1 பெட், 2 எச்.டி., 3 பி.வி.சி., 4 எல்.டி., 5 பி.பி., 6 தெர்மோகோல் குடும்பம், 7 மற்றவை. 7 என்று போட்ட உறையை விற்கிற மொத்த வியாபாரியிடம் முதலில் போகட்டும், பூ கட்டுகிற அக்காவின் கூடையைக் கடைசியில் பார்க்கலாம். இப்போது நடப்பது அநேகமாக இதற்கு நேர்மாறு. அக்காவைப் பிடிப்பது சுலபம், கூடை தெருவிலேயே இருக்கிறது.

பக்கத்துக் கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். "காகிதப் பாக்கெட் விலை கூட, மழையில் நனையும், நீ கம்பெனியில் சம்பாதித்தாய், நாங்கள் எங்கே போவது?" என்பார்கள். விலை கூடத்தான். ஒருவர் மட்டும் மாற்றினால் நட்டம், மலை முழுக்க ஒரே நாளில் மாற்றினால் எல்லோருக்கும் ஒரே விலை. தனித்தனியாக எங்களால் செய்ய முடியாதது அது. அதனால்தான் கோரிக்கையைக் கடைக்காரர்களிடம் வைக்காமல், ஏல நிபந்தனை எழுதுகிறவர்களிடம் வைக்கிறேன்.